பூநாரை பறக்குற படம் வேணாம், மேயுற படம் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கடைசிப் பக்கத்துல கலர்ல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, தனுஷ்கோடில பூநாரை, அதான் பிளமிங்கோ, கூட்டம் மொத்தமா எந்திரிச்சுப் பறக்குற மாதிரி, கீழ ரெண்டே வரி எழுதி. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, வெட்டி வச்சுக்கலாமான்னு கத்திரிக்கோல் வரைக்கும் போயிட்டேன். ஆனா அதே தண்ணிக்கரைல அதே மாசி மாசத்துல நானும் நின்னவ, அந்தக் கூட்டம் எப்படி எந்திரிச்சுதுன்னு நேர்ல பாத்தவ, அதனால மனசு கேக்கல. அதச் சொல்லத்தான் இந்த லெட்டர். போன்ல ஒத்த வெரலாலதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திக்கோங்க. நான் செடில இருந்து ஆரம்பிச்சாத்தான் எனக்கு பேச்சு வரும், அதையும் பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊரு சாயல்குடிப் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி மூணு சென்ட்டு தோட்டம். முண்டு மிளகா ஒரு நாப்பது செடி, கத்தரி ஒரு டஜன், முருங்க, கறிவேப்பில, நந்தியாவட்ட, அப்புறம் ரெண்டு மல்லிப் புதரு. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா எங்க ஊர்த் தண்ணில இத வச்சு காப்பாத்துறது எவ்வளவு பாடுன்னு இந்தக் கரையில இருக்கவங்களுக்குத் தெரியும். போர் தண்ணி வாயில வைக்க முடியாது, அப்புடி உப்பு. அத ரெண்டு நாளு சேந்தாப்புல ஊத்துனா கத்தரி இலை நுனி பழுப்பாகி சுருண்டுக்கும், மூணாவது நாளு ஓரமெல்லாம் கருகி, வெத்தலையப் பொரிச்சு வச்ச மாதிரி ஆயிரும். காவிரித் தண்ணி பைப்புல வரும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, வந்தா குடிக்கப் புடிக்கவே கொடம் பத்தாது. அதனால அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணி, பாத்திரம் அலசுன கடைசித் தண்ணி எல்லாம் தனித்தனி வாளி. மிளகாவுக்கு மீன் தண்ணி, மல்லிக்கு அரிசித் தண்ணி. இது எனக்கு மனப்பாடம், வேற யாருக்கும் சொல்லிக் குடுத்தா புரியாது.

இப்படி இருக்கப்ப தை கடைசில ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடத்துல இருக்க மகளுக்கு ரெண்டாவது பிரசவம். வழக்கமா பொண்ணத்தான் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க, ஆனா மூத்தவன் அங்க ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ், லீவு போட முடியாதுன்னு என்னய வரச் சொல்லிட்டா. எனக்கு மகளப் பாக்கப் போற சந்தோசம் ஒரு பக்கம் இருந்தாலும், பஸ் ஏறுறப்ப மனசு பூரா தோட்டத்துலதான். கார்த்திகைல கவாத்து வெட்டி விட்ட மல்லி, மாசி கடைசில மொட்டு விடும், வருசத்துல மொதப் பூவு, அதப் பாக்க நான் இருக்க மாட்டேன். மிளகா வேற அப்பத்தான் செவக்க ஆரம்பிக்குது. செவந்தா வந்துரும்ல எங்க ஊரு ராசா, மயிலு.

மயிலுக்கும் எனக்கும் ஆறேழு வருசப் பகை. 2023ல நம்ம முண்டு மிளகாவுக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்கன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, அது வர்றதுக்கு முன்னாடியே மயிலுக்கு அதோட அருமை தெரியும். பறவைக்கு காரமே தெரியாதாம்ல, நாக்குல அந்த எரிச்சல் ஏறாதாம், அதனால பழுத்த பழமாப் பாத்து முழுங்கும், முழுங்குறதோட போனாலும் சரி, நடந்து மிதிச்சு நாத்தெல்லாம் சாச்சிட்டுப் போகும். அடிக்க முடியாது, தேசியப் பறவை, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கு, தொட்டா கேஸு. பழைய சேலையக் கிழிச்சு வேலி கட்டுறது, பளபளன்னு ரிப்பன் கட்டுறது, கையில கம்போட விடியக்காலைல நிக்கிறது, இதுதான் நம்மால ஆனது. நானும் எல்லாம் பண்ணியாச்சு.

பக்கத்து வீட்டு மதினிகிட்ட சாவியக் குடுத்து, எந்த வாளி எந்தச் செடிக்குன்னு மூணு தடவ சொல்லி, அவ கடைசில "மதினி, நீங்க புள்ளப்பேறு பாக்கப் போறீகளா இல்ல கலெக்டருக்கு சார்ஜ் குடுக்கறீகளா"ன்னு கேட்டுட்டா. போர் தண்ணி மட்டும் ஊத்திராதன்னு பஸ்ஸுக்குள்ள இருந்தும் கத்திட்டுத்தான் போனேன்.

தங்கச்சிமடம் போயி எறங்குனா, வேணும்னே என்னய வயித்தெரிச்சப்பட வைக்கிற மாதிரி மகள் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டே மல்லி நாத்துத் தோட்டம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மதுரை மல்லி மதுரை மல்லின்னு ஊரே பேசுதே, அதுக்கு நாத்து போறது இந்த தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துல இருந்துதான். தென்னைமரத்து நெழல்ல மணல்ல பாத்தி கட்டி, குச்சிய நெருக்கி நெருக்கி ஊனி, வேர் விட்டதும் புடுங்கி கட்டுக் கட்டா லாரில அனுப்புறாங்க. என் வீட்டு ரெண்டு புதரும் நாலு வருசத்துக்கு முந்தி இங்க இருந்து நான் கட்டிட்டுப் போனதுதான். தெனம் காலைல அந்தம்மா பூவாளில தண்ணி தெளிக்கிறப்ப நான் மதில்மேல கைய வச்சுக்கிட்டு நிப்பேன், பிறந்த வீட்டுல வந்து நிக்கிற மாதிரி, எனக்கு இல்ல, என் மல்லிக்கு. அந்தத் தீவுல தண்ணி அப்படி ருசி, மணலத் தோண்டுனா பத்தடிக்குள்ள நல்ல தண்ணி. வில்லூண்டித் தீர்த்தம் பாத்திருக்கீங்களா, கடலுக்குள்ள ஒரு கெணறு, சுத்தி உப்பு, நடுவுல நல்ல தண்ணி. ராமர் வில்ல ஊனி எடுத்துக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க. பேரன் கூட்டிட்டுப் போனான். ஒரு மடக்கு குடிச்சிட்டு நான் மொதல்ல நெனச்சது, இதுல ரெண்டு கொடம் என் கத்தரிக்கு ஊத்துனா எப்படி இருக்கும்னுதான். சாமி மன்னிக்கணும்.

தெனம் சாயந்தரம் மதினிக்கு வீடியோ கால். அவளுக்கு கேமரா திருப்பத் தெரியாது, பாதி நேரம் அவ மூக்குத்திதான் தெரியும், இல்லன்னா ஆகாசம். "கத்தரியக் காட்டு"ன்னா முருங்கயக் காட்டுவா. "நல்லாத்தான் இருக்கு மதினி, நீங்க புள்ளயப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரு நாளு கத்தரி பச்சப்பசேல்னு காட்டுனா, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, போன வச்சப்புறம்தான் உறைச்சுது, அந்தக் கத்தரிக்குப் பின்னாடி ஒரு துவைக்கிற கல்லு தெரிஞ்சுச்சே, எங்க வீட்டுப் பின்னாடி ஏது துவைக்கிற கல்லு? அவ வீட்டுக் கத்தரியக் காட்டிருக்கா! அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. பச்சப்புள்ள அழுததுனால முழிச்சிருக்கேன்னு மகள் நெனச்சுக்கிட்டா, நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

நான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கறதப் பாத்துட்டு மாப்பிள்ளை ஒரு நாளு, "அத்தை, ஒரு நடை தனுஷ்கோடி போயிட்டு வருவோம், பூநாரை வந்திருக்கு"ன்னாரு. அவரு போட் இஞ்சின் மெக்கானிக்கு, பாதி நாளு கடக்கரையிலதான் இருப்பாரு, அதனால எது எங்க வந்திருக்குன்னு அவருக்கு தாக்கல் வந்துரும். சம்மந்தியம்மாவ புள்ளகிட்ட விட்டுட்டு பேரனையும் கூட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கெளம்புனோம். கோதண்டராமர் கோயிலுக்குப் போற பாதைக்கு ரெண்டு பக்கமும் தண்ணி கெடக்குமே, முழங்காலுக்கு கீழதான் ஆழம், அங்க வண்டிய ஓரமா நிறுத்திட்டு சத்தம் போடாம உக்காந்தோம். மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல, தூரத்துல வெள்ளை வெள்ளையா உப்புப் பாத்தி மாதிரி இருந்துச்சு. வெளிச்சம் வர வரத்தான் அந்த உப்புக்கெல்லாம் காலு மொளச்சுது.

அய்யா, அது மேயுறத நீங்க பக்கத்துல பாத்திருக்கீங்களா? கழுத்த பாம்பு மாதிரி எறக்கி, தலைய கவுத்து, அலகு மேல பக்கம் கீழயும் கீழ பக்கம் மேலயுமா தண்ணிக்குள்ள வச்சுக்கும், அப்படியே இடமும் வலமும் ஆட்டிக்கிட்டே நடக்கும். அதுல ஒண்ணு எங்களுக்கு கொஞ்சம் கிட்ட இருந்துச்சு, அது நடக்காம நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தி மிதிச்சுச்சு, களிமண்ணு மிதிக்கிற மாதிரி, சுத்திச் சுத்தி வட்டமா. எதுக்குன்னா சேத்துல இருக்க பூச்சி, சின்ன எறாக் குஞ்சு எல்லாம் கலங்கி மேல வரணும்ல. தண்ணிய நாக்கால உள்ள இழுத்து, அலகு ஓரத்துல சீப்பு மாதிரி இருக்கறதுல வடிகட்டி, தண்ணிய வெளிய தள்ளிட்டு இரைய மட்டும் முழுங்குமாம், நம்ம அரிசி களையுற மாதிரிதான். அந்த இரைல இருந்துதான் அந்த ரோஸ் கலரே வருதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. சாம்பலா கொஞ்சம் அழுக்கு நெறத்துல நாலஞ்சு இருந்துச்சு, அது இன்னும் கலர் ஏறாத சின்னதுங்க. ஒரு ஒன்றரை மணி நேரம் உக்காந்திருப்போம். அந்த நேரம் பூரா எனக்கு கத்தரி ஞாபகம் வரவே இல்லன்னா பாத்துக்கோங்க.

அப்பத்தான் ஒரு கார் வந்துச்சு. வெளியூரு வண்டி, பாட்டு அலற. நாலு பயலுக எறங்குனாங்க, ஒருத்தன் போன தூக்கிக்கிட்டு ரெடியா நிக்கிறான், இன்னொருத்தன் பேண்ட்ட மடிச்சு விட்டுட்டு தண்ணிக்குள்ள எறங்கி கையத் தட்டிக்கிட்டே ஓடுறான். அது பறக்கலன்னதும் கரையில கெடந்த சிப்பியப் பொறுக்கி வீசுனான். பூநாரை நின்ன எடத்துல இருந்து குருவி மாதிரி விருட்டுனு எந்திரிக்காது, ஒடம்பு பெருசு, தண்ணி மேலயே தடதடன்னு ஓடி ஓடித்தான் எந்திரிக்கணும். மொத்தக் கூட்டமும் ஓடுச்சு. ரெக்கைய விரிச்சப்ப உள்பக்கம் அந்தச் செவப்பும் ஓரத்துல கறுப்பும் பாத்துட்டு பேரன் கையத் தட்டிட்டான், அவனையும் தப்பு சொல்ல முடியாது, அழகு அழகுதானே. நானும் வாயப் பொளந்துக்கிட்டுத்தான் நின்னேன். ரீல்ஸ் எடுத்துட்டு அவனுக அஞ்சு நிமிசத்துல கெளம்பிட்டானுக. கூட்டம் தூரத்துல போயி எறங்குச்சு, அப்புறம் ரொம்ப நேரம் எதுவுமே தலையக் குனியல. எல்லாம் கழுத்த நீட்டிக்கிட்டு எங்க பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சுக. பசியோட சாப்பாட்டு இலைல உக்காந்தவன எழுப்பி விட்ட மாதிரி.

உங்க போட்டோக்காரரு அப்படி வெரட்டித்தான் எடுத்தாருன்னு நான் சொல்ல வரல, அது தானாவும் எந்திரிக்கும், மேல பருந்து வட்டம் போட்டாலும் எந்திரிக்கும். ஆனா எந்தப் பேப்பரப் பாத்தாலும், எந்த போனத் தெறந்தாலும் பூநாரைன்னா பறக்குற படம்தான். அதப் பாத்துட்டு வர்றவனுக்கு அது பறந்தாத்தான் காசு குடுத்து வந்தது செரிச்ச மாதிரி. மேஞ்சுக்கிட்டு இருந்தா, என்னடா இது சும்மா நிக்குதுன்னு சிப்பிய எடுக்குறான். 2017ல தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தப்புறம் ஜனக் கூட்டம் எப்படி ஆயிருச்சுன்னு உங்களுக்கே தெரியும், முன்னாடி எல்லாம் வேனுலதான் மணல்ல ஆடிக்கிட்டே போவோம். 2025 ஜூன்ல அரசாங்கமே இந்தப் பக்கத்த பூநாரை சரணாலயம்னு அறிவிச்சிருக்கு, ஐநூறு ஹெக்டேருக்கு மேல. போர்டுல சரணாலயம்னு எழுதுறது ஒண்ணு, வர்ற ஆளுக்கு அங்க எப்படி நிக்கணும்னு தெரியுறது வேற ஒண்ணு. அந்த ரெண்டாவது வேலைய பேப்பர்தான் செய்ய முடியும்னு எனக்குத் தோணுது.

அடுத்து பங்குனில இன்னொண்ணும் பாத்தேன், அதையும் சொல்லிர்றேன். அங்கிட்டு கடக்கரையில பாரஸ்ட்காரங்க ஆமை முட்டைய எடுத்து கம்பிவேலிக்குள்ள மணல்ல பொதச்சு வச்சுப் பொரிக்க வைக்கிறாங்க. பங்குனி ஆமைன்னுதான் நம்ம ஆளுக சொல்லுவாங்க, ஒரு கூட்டுல நூறு முட்டை இருக்கும். மணலு சூடா இருந்தா பொட்டைக் குஞ்சு ஜாஸ்தி, குளுந்து இருந்தா ஆண் குஞ்சு ஜாஸ்தியாம், இத மகள்கிட்ட சொன்னேன், "நல்லவேளை நமக்கு அப்படி இல்லம்மா, மாமியா மணலக் கிண்டிக்கிட்டே இருப்பாங்க"ன்னா. குஞ்ச விடுறப்ப நாங்க போயிருந்தோம். உள்ளங்கையில ரெண்டு அடங்கும். விட்டதும் துடுப்பு மாதிரி கைய வச்சு மணல்ல கோலம் போட்டுக்கிட்டே போகுதுக, அலை வந்து ஒரு தள்ளு தள்ளி திரும்ப கொண்டாந்து கவுத்துப் போடும், திரும்ப எந்திரிச்சு அதே பக்கம். வெளிச்சம் எங்க இருக்கோ அதுதான் கடல்னு அதுக்குப் பொறவிலயே தெரியுமாம், அதனாலதான் கரைப்பக்கம் ராத்திரி பெரிய பெரிய லைட்டு போட்டா ரோட்டுப் பக்கம் ஏறிருது. அங்க நின்ன கூட்டத்துல யாரோ போன் லைட்டடிக்க, மூணு குஞ்சு அப்படியே திரும்பி அந்தாளு செருப்பப் பாத்து வந்துச்சு. பாரஸ்ட்காரரு ஒரு சத்தம் போட்டாரு, லைட்டு அணைஞ்சுச்சு, மூணும் திரும்பிருச்சு. அவரு கோவமாக் கூட சொல்லல. சொன்னாக் கேக்குறாங்கய்யா, தெரியாமத்தான் செய்யுறாங்க பாதிப்பேரு.

நாப்பத்தஞ்சு நாளு கழிச்சு ஊருக்கு வந்தேன். பைய திண்ணையில போட்டுட்டு நேரா பின்னாடிதான் ஓடுனேன். முருங்க எவனும் வேணாம்னு ஒரு ஆளு ஒசரம் வளந்திருந்துச்சு. மல்லி பரவால்ல, மொதப் பூவு போயிருச்சு, ரெண்டாவது மொட்டு நிக்குது. மிளகா பாதிக்கு மேல காலி, மண்ணுல மூணு வெரலு தடம், யாருன்னு சொல்ல வேணாம். கத்தரி பன்னெண்டுல எட்டு காஞ்ச குச்சி.

மதினி பின்னாடியே வந்து நின்னா, மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு. எனக்கு கோவம் உச்சிக்கு ஏறிருச்சு, "ஏன்டி, அடுத்தவ கத்தரியவா காட்டுவ"ன்னு ஆரம்பிச்சேன். அவ என் கையப் புடிச்சு நந்தியாவட்ட பக்கம் இழுத்தா, வாயில வெரல வச்சு சத்தம் போடாதன்னு காட்டுறா. கத்தரிப் பாத்திய ஒட்டித்தான் நந்தியாவட்ட. என் இடுப்பு ஒசரத்துல ரெண்டு எலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பொட்டலம் மாதிரி தொங்குச்சு. குனிஞ்சு பாத்தா ஓரம் பூரா ஓட்ட போட்டு, பஞ்சு நூலால தச்சிருக்கு, ஒவ்வொரு ஓட்டையிலயும் பஞ்சு வெளிய முடிச்சு மாதிரி பொசுபொசுன்னு. தையல்சிட்டு. உள்ள மூணு முட்டை, சுண்டுவிரல் நகத்தவிட கொஞ்சந்தான் பெருசு, பொடிப்பொடியா புள்ளி.

"வாளியோட போனாலே ரெண்டும் மாத்தி மாத்தி கத்துது மதினி, வாலைத் தூக்கிக்கிட்டு. பாவமா இருந்துச்சு, அதான் அந்தப் பக்கம் போகல. உங்ககிட்ட சொன்னா திட்டுவீக."

எட்டு கத்தரி அதுக்குத்தான் போயிருக்கு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. திட்டுறதுக்கு எடுத்து வச்ச வார்த்தையெல்லாம் அப்படியே நின்னுருச்சு. அந்தக் காருல வந்த பயலுக மொகம்தான் ஞாபகம் வந்துச்சு. இவ ரெண்டாப்பு தாண்டாதவ, சரணாலயம்னா என்னன்னு கேட்டா தெரியாது.

அதனால ஆசிரியர் ஐயா, நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. அடுத்த வருசம் பூநாரை வர்றப்ப அது தலையக் கவுத்து மேயுற படமாப் போடுங்க, அந்த கால மிதிக்கிறத ஒரு நாலு படம் வரிசையா போட்டா இன்னும் நல்லது, சின்னப் புள்ளைகளுக்குப் புடிக்கும். கீழ, தண்ணிக்குள்ள எறங்காம ரோட்டுல நின்னே பாருங்க, ஆமை விடுற எடத்துல லைட்டு அடிக்காதீங்கன்னு ஒரு வரி. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பேப்பர்னா பஸ்ஸுலயும் டீக்கடையிலயும் எல்லாரும் பாப்பாங்க.

இப்ப மிச்சம் இருக்க நாலு கத்தரிக்கு அந்தப் பக்கமா சுத்திப்போயி, குத்தவச்சு, சொம்புலதான் ஊத்துறேன். பொட்டை உள்ள அடைகாத்துக்கிட்டு இருக்கு, வாலு மட்டும் எலைக்கு வெளிய தெரியுது. என்னய பழகிருச்சு போல, கத்துறது கொறஞ்சிருச்சு. மயிலுக்கு மட்டும் இன்னும் மனசு வரல, நேத்துத்தான் மகளோட பழைய சேலை ரெண்டக் கிழிச்சு மிளகாப் பாத்தியச் சுத்தி கட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாயல்குடிப் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.